ஐவரி நிழல்

"அண்டியாபீசுல நெழலு வந்து கெடக்காம் பாத்துக்க. மரத்தத்தான் காணல்லியாம்" என்று பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் மடியிலிருந்த மீன் பையைச் சரிசெய்துகொண்டே, "மரம் பெறவு வரும்" என்றாள். அத்தோடு அவர்கள் பேச்சு மத்தி விலைக்குப் போய்விட்டது.

குழித்துறை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த விஜிலா பின் சீட்டில் இருந்து அதைக் கேட்டாள். அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்த அவள் புருஷன் ஜஸ்டஸ் கேட்கவில்லை. நெற்றியில் தையல் போட்டு, பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. ஜஸ்டஸ் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து மலைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் பாலெடுத்துச் சேர்த்துவிட்டு வந்து, பகலில்தான் அவன் தூங்க வேண்டும். ஆனால் அவர்கள் வீடு தகரக் கூரை போட்ட வீடு, சித்திரை மாசத்தில் அந்தக் கூரைக்குக் கீழே பகலில் படுப்பதும் அடுப்பில் படுப்பதும் ஒன்றுதான் என்பதால் அவன் பல வாரங்களாகத் தூங்கவே இல்லை. தூங்காதவன் ஒரு காலையில் பால் கேன்களோடு சைக்கிள் மிதித்து வரும்போதே தூங்கிப்போய் ஓடைக்குள் விழுந்துவிட்டான். டாக்டர் தையலைப் போட்டுவிட்டு, "இவருக்கு மருந்து ஒண்ணும் பெரிசா இல்லம்மா, தூங்கச் சொல்லுங்க" என்றார். எங்கே வைத்து என்று விஜிலா கேட்கவில்லை.

அவள் பாறைவிளை அண்டியாபீசில் களம் பார்ப்பவள். வாசல் பலகையில் முந்திரித் தொழிற்சாலை என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கொட்டைக்குப் பெயர் அண்டி, அதை உடைக்கிற இடம் அண்டியாபீஸ். ஒரு காலத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று இருந்தது, இப்போது சுற்று வட்டாரத்தில் ஓடுவது இது ஒன்றுதான். கப்பலில் வந்த பச்சை அண்டியைச் சாக்கிலிருந்து சிமெண்டுக் களத்தில் கொட்டி, பரப்பி, காலால் கோதிக் கோதித் திருப்பிப் போட்டு, ஒரு பிடி அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே பருப்பு கலகலவென்று சொல்கிறதா என்று கேட்பது விஜிலாவின் வேலை. பருப்பு பேசினால்தான் அண்டி காய்ந்தது. பேசாத அண்டியை உடைத்தால் பருப்பு நொறுங்கும், உடைக்காமல் வைத்தால் பூசணம் பிடிக்கும். அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு உலகத்தின் நாடுகள் எல்லாம் அண்டியாகத்தான் அறிமுகம். தான்சானியா பெரிசு, பெனின் சுலபத்தில் தொலி விடாது, ஐவரி ஈரத்தைக் குடித்துக்கொண்டு வரும். ஐவரி கோஸ்ட் என்று முழுதாகச் சொல்ல அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபோது ஐவரி லோடு களத்தில் பரந்து கிடந்தது, சாக்குகள் வழக்கம்போலச் சுற்றுச்சுவரில் வரிசையாகத் தொங்கின, வெயில் சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. நிழல் எதுவும் இல்லை. "ஊருல என்னெல்லாமோ சொல்லுகாவ" என்றாள் விஜிலா. உடைப்புப் பகுதியில் இருக்கும் தங்கலீலா, தோலை அரிக்கும் ஓட்டெண்ணெய் படாமலிருக்கக் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டே, "இரி பிள்ளே, அதுக்கு நேரம் வரல்ல. உச்சிக்கு வரும்" என்றாள், ஏதோ தபால்காரரைச் சொல்வதுபோல.

உச்சிக்குக் கொஞ்சம் முன்பு அது வந்தது. களத்தின் கிழக்குச் சுவரோரத்திலிருந்து மேற்கே பார்த்து, நீளமாக, மெல்லியதாக, துவைத்த புடவையை ஒருவர் பிடிக்க ஒருவர் விரிப்பதுபோல நிழல் விரிந்தது. கிளைகள் தெரிந்தன, அகல இலைகள் தெரிந்தன, கிளை நுனிகளில் கொல்லாம்பழமும் அதன் அடியில் தொங்கும் அண்டியும்கூடத் தெரிந்தன. பாறைவிளையில் ஒரு இலை அசையாத அந்த வேளையில் அந்த நிழல் மட்டும் எந்தக் காற்றிலோ அசைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஆக ஆக அது நீளத்தில் குறைந்து அடர்த்தியில் கூடி, கோயில் மணி அடிக்கும் நேரத்தில் இல்லாத அடிமரங்களைச் சுற்றி வட்ட வட்டமாகக் கிணறுபோல நின்றது. அவ்வப்போது ஒரு பழத்தின் நிழல் சத்தமில்லாமல் கீழே விழுந்தது.

அதன் நேரக் கணக்கை யாரும் விளக்காமலே விஜிலாவுக்குப் புரிந்துவிட்டது. ஐவரியில் அண்டி வாங்கித் தரும் ஏஜெண்டுக்கு முதலாளி செல்வதாஸ் போன் போடுவது எப்போதும் உச்சி வேளையில்தான், அதற்கு முன் போட்டால் அவன் எடுக்க மாட்டான், அங்கே அப்போதுதான் விடியும். இங்கே உச்சி ஆகும்போது அங்கே விடிகிறது, அங்கே விடிந்ததும் அங்குள்ள மரங்களின் நிழல் எழுந்து இங்கே வந்து விழுகிறது. அவ்வளவுதான். அவள் தன் குடையை மடக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஊரும் அப்படித்தான் அதை எடுத்துக்கொண்டது. முதல் நாள் ஆடுகள் வந்தன. இரண்டாம் நாள் ஆடுகளுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் இரும்பாய்ப் பழுத்த உடைப்புக் கொட்டகையை விட்டு வெளியே வந்து நிழலில் சம்மணம் போட்டு மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து ஒருத்தி மடியில் ஒருத்தி தலைவைத்துப் பேன் பார்த்தார்கள். தொழில் தொடங்கிய நாளிலிருந்து மத்தியானத்தில் யாரும் அந்தக் களத்தில் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது. சர்ச்சிலிருந்து சபை ஐயர் வந்து பார்த்துவிட்டு, "இது நல்லதா கெட்டதான்னு இப்ப சொல்ல முடியாது" என்று சொல்லி, ஒரு செருப்பைக் கழற்றி நிழலில் கால் வைத்துப் பார்த்துவிட்டு, மற்றதையும் கழற்றி உட்கார்ந்துகொண்டார். வார்டு மெம்பர் தன் மகளின் கல்யாண விருந்தைப் பந்தல் செலவு இல்லாமல் இங்கேயே வைக்கலாமா என்று கேட்டார். "வைக்கலாம், ஆனா மரம் ஆட்டம் ஆடும், எலையில நெழலு எது, கறி எதுன்னு தெரியாது" என்றாள் தங்கலீலா.

துறைமுகத்திலிருந்து இரண்டு ஆபீசர்கள் வந்தார்கள். கண்டெய்னர் பேப்பரில் அண்டி இருந்தது, சாக்கு இருந்தது, நிழல் இல்லை. அறிவிக்காமல் வந்த சரக்குக்கு வரி உண்டு, ஆனால் எந்த இனத்தில் போடுவது என்று அவர்கள் புத்தகத்தில் தேடினார்கள். மரப் பொருட்களில் போடலாம் என்றார் ஒருவர், மரமே இல்லையே என்றார் மற்றவர். பரப்பளவாவது எடுப்போம் என்று டேப்பைப் பிடித்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் நிழல் சுருங்கிவிட்டது. மூன்று முறை அளந்து மூன்று அளவு வந்ததும், நிழலிலேயே உட்கார்ந்து ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்கள்.

இதில் எல்லாம் விஜிலாவுக்குச் சந்தோஷப்பட முடியவில்லை, ஏனென்றால் அண்டி காயவில்லை. காலை வெயில் இளம் வெயில். அது ஏறி உறைக்கிற நேரம் பார்த்து நிழல் வந்து படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்கினாள். பருப்பு வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து சில கொட்டைகளின் காம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்து, அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள்.

செல்வதாஸ் முதலாளி என்றால் கை நிறைய மோதிரம் போட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்பா விட்டுப்போன ஆபீசை ஒவ்வொரு சுவராக அடகு வைத்து நடத்திக்கொண்டிருந்த, எப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே பேசுகிற மனிதர் அவர். அவள் முடிச்சை அவிழ்த்துக் கொட்டைகளைக் காட்டியதும் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வாங்குறது டாலர்ல. விக்கிறது டாலர்ல. கப்பலு பாதி வழி வரும்போ ரூவா எறங்கிப்போச்சு. நடுவுல நான் ஒருத்தன் மட்டும் ரூவாயில இருக்கேன் விஜிலா" என்றார். "வியட்நாமுக்காரன் மெஷின் வச்சு ஒடைக்கான். மெஷினுக்கு சாயா வேண்டாம், பிரசவ லீவு வேண்டாம். பருப்பு வாங்குற ராட்டர்டாமுக்காரன் என்ன சொல்லுகான் தெரியுமா? நெழல்ல காஞ்ச அண்டின்னு டப்பாவுல போட்டா நல்லா விக்குமாம், அதுக்கு சர்டிபிகேட் உண்டான்னு கேக்கான். இல்லேன்னேன். அப்ப வெலயக் கொறன்னு சொல்லுகான்."

"இது காயாட்டா, முதலாளி?"

"காயாட்டா பூட்டு. பேங்குக்காரன் பூட்டு வாங்கி வச்சிட்டுத்தான் இருக்கான்."

அப்போது அவருடைய போனில் ஒரு குரல் வந்து விழுந்தது. ஐவரி ஏஜெண்டின் குரல், உடைந்த இங்கிலீஷில். முதலாளி அதை விஜிலாவின் முன்னாலேயே ஓடவிட்டார். குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது, கோழி கத்தியது, ஒரு பெண் யாரையோ திட்டினாள். பாஷை தெரியாவிட்டாலும் அது வேலை நடுவில் பிள்ளையைத் திட்டும் திட்டு என்று விஜிலாவுக்குத் தெரிந்தது.

"என்ன சொல்லுகான்?"

"அவிய ஊருல மரம் எல்லாம் நெழல் இல்லாம நிக்குதாம்" என்றார் முதலாளி. "இலை இருக்காம், பழம் இருக்காம், அடியில வெயிலு அப்படியே எறங்குதாம். பொறுக்குற பொம்பளைய தலையில சட்டியக் கவுத்துக்கிட்டுப் பொறுக்குதாவளாம், பிள்ளையளப் படுக்கப் போட எடமில்லியாம், பாதிப் பேரு வரமாட்டோம்னு நின்னுட்டாவளாம். சரக்கோட தவறிப்போய் வேற ஏதாவது வந்துச்சான்னு கேக்கான்."

அவர் போனை வாயருகே பிடித்து இங்கிலீஷில் ஏதோ பேசி அனுப்பினார்.

"நீங்க என்ன சொன்னிய?"

"சரக்கு சரியில்ல, தேவையில்லாத்தது கலந்து வந்திருக்கு, வெலயில பிடிப்பேன்னு சொன்னேன்." முதலாளி போனைக் கவிழ்த்து வைத்தார். "என்னப் பாக்காத பிள்ளே. ராட்டர்டாமுக்காரன் எனக்குச் செய்யுகத நான் ஏஜெண்டுக்குச் செய்யுகேன். அவன் ஆருக்குச் செய்யுவானோ."

அண்டியை வேறு இடத்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. பெண்கள் அதைத் திரும்பச் சாக்குகளில் அள்ளி, தலைச்சுமையாகப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். உச்சிக்கு நிழல் அங்கே வந்து படுத்தது. கோயில் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயும் வந்தது. ஆற்று மணலுக்குக் கொண்டுபோனார்கள், மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நன்றி சொன்னார்கள். கழுத்து ஒடிந்து, எரிச்சலில் ஒருத்தியோடு ஒருத்தி பேச்சை நிறுத்தி, திரும்பக் களத்துக்கே சுமந்து வரும் வழியில் விஜிலாவின் தலையிலிருந்த சாக்கு ஒன்று நீளவாக்கில் கிழிந்து, ரோட்டில் அண்டி எல்லாம் உருண்டது. அவள் சாக்கைச் சுருட்டி இடுப்பில் சொருகிவிட்டு, சிந்தியதை ஓலைப் பெட்டியில் வாரிக்கொண்டுபோய்க் களத்தின் ஒரு மூலையில் தனியாகக் கொட்டினாள். மறுநாள் உச்சிக்கு எல்லா அண்டியின் மேலும் நிழல் இருந்தது, அந்தப் பெட்டி அண்டியின் மேல் மட்டும் இல்லை. முந்தின நாள் இடுப்பில் சொருகிய சாக்கை அவள் மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். அவளைத் தேடி வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது: "மாமி, ஒங்க வீட்டுக்க உள்ள மரம் நிக்குது."

நிழல் அண்டியில் இல்லை, சாக்கில் இருந்தது. அண்டியை மட்டும் பெட்டி பெட்டியாக வாரிக் காய வைத்து, சாக்குகளைச் சுவரைவிட்டு அகற்றியதும் சித்திரை வெயில் தன் வேலையைச் செய்தது. கொஞ்ச நாளில் விஜிலா ஒரு பிடி அள்ளிக் குலுக்க, உள்ளே பருப்பு கலகலவென்று பேசியது. அன்று முதலாளி வயிற்றிலிருந்து கையை எடுத்ததைப் பலர் பார்த்தார்கள்.

அகற்றிய சாக்குகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவை எல்லார் வீட்டுக்கும் போயிருந்தன. ஒரு சாக்கில் ஒரு கிளையின் நிழல்தான் இருந்தது, ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு கிளை போதும். தொட்டிலுக்கு மேல் கட்டினார்கள், பசுத் தொழுவத்தில் கட்டினார்கள், பெட்டிக்கடையில் கட்டி மோர் விற்றார்கள். கிழிந்த சாக்கை யாரும் கேட்காததால் அது விஜிலாவிடமே இருந்தது. தகரத்துக்குக் கீழே, அதைத் தாங்கும் கழுக்கோலில், அவள் அதைக் கட்டினாள். உச்சி வந்ததும் தரையில் இலைகள் அசைந்தன, தகரம் மேலே காய்ந்துகொண்டே இருந்தது, கீழே ஈர மண்ணின் குளிர்ச்சி வந்தது. கிழிசல் இருந்த இடத்தில் மட்டும் நிழலுக்கு நடுவே வெயில் ஒரு கீற்றாக விழுந்தது. ஜஸ்டஸ் பாயை நகர்த்தி அதற்கு இந்தப் பக்கம் படுத்தான். படுத்தவன் வாய் திறந்தபடி, தையல் போட்ட நெற்றியில் இலைகளின் நிழல் ஊர, சாயங்காலம் வரை தூங்கினான். விஜிலா அவனைத் தாண்டிப் போய்த் தாண்டி வந்து வீட்டு வேலை பார்த்தாள். எழுந்ததும் அவன், "இண்ணைக்கு ஞாயிறா?" என்று கேட்டான்.

அந்த மாதிரி ஒரு மாதம் போனது. பிறகு தூத்துக்குடியிலிருந்து சாக்குக்கார மீரான் லாரியோடு வந்தார். ஒவ்வொரு பருவத்திலும் வருகிறவர்தான். ஐவரியில் சணல் கிடையாது, சாக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். காலிச் சாக்கை அவர் எடுத்துக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்ற, அடுத்த அண்டி அதே சாக்கில் வரும். "அங்க மிச்ச அண்டி மண்ணுல கெடக்கு முதலாளி, அள்ள சாக்கில்ல. இது போனாத்தான் அது வரும்" என்றார். முதலாளி களத்துக்கு வந்து, எல்லாரும் சாக்கைக் கொண்டுவர வேண்டும், கொண்டுவராதவர்களுக்குத் திங்கட்கிழமை முதல் வேலை இல்லை என்று, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"நாங்க என்னத்துக்குக் குடுக்கணும்?" என்று தங்கலீலா எழுந்தாள். அவள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். ஓட்டெண்ணெய் தின்று தின்று விரல் நுனிகள் சோப்புபோல வழுவழுவென்று இருந்தன. அங்கே இருந்த எல்லாருக்கும் அப்படித்தான். ரேஷன் கடையில் பெருவிரலை வைத்தால் மெஷின் யாரையும் தெரியாது என்றுதான் சொல்லும். "அங்க அண்டி பொறுக்குறவளுவளுக்கு நெழலு போச்சு, சரி. எங்களுக்கு ரேகை போச்சே, டப்பாவுல அடச்சு எந்தூருக்கோ அனுப்பினியள, அத ஆராவது திருப்பி அனுப்பினானா? ஒரு சொல் கேட்டானா? எப்பவும் இல்லாத்தவதான் இல்லாத்தவளுக்குத் திருப்பிக் குடுக்கணுமா?"

மீரான், "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, நான் சாக்குக்காரன்" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து சாக்குகள் வந்தன. தொட்டில்களுக்கு மேலிருந்தும் தொழுவங்களிலிருந்தும் அவிழ்த்து, புழுதி தட்டி, ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்து போட்டார்கள். தங்கலீலா தன்னுடையதை லாரியின் அருகே தூர இருந்தே வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உடைப்புக் கொட்டகைக்குள் போனாள். மீரான் ஒவ்வொரு சாக்கையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விஜிலாவுடையதைப் பார்த்ததும் கிழிசலுக்குள் கையை விட்டு எடுத்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது ஐவரி போய்ச் சேராது. ஓட்டச் சாக்கு நான் எடுக்கல்ல. நீயே வச்சுக்கம்மா."

"ஒனக்கு யோகம் பிள்ளே" என்று பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள். "கிழிஞ்சதுக்கும் ஒரு காலம்." முதலாளி கணக்கில் ஒன்றைக் கழித்துவிட்டுத் தலையாட்டினார். "கொண்டுபோ. ஒனக்க மாப்பிளை தூங்கட்டும்."

அவள் சாக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உச்சி ஆகிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து வந்த ஜஸ்டஸ் குளித்துவிட்டுப் பாயை விரித்து, அண்ணாந்து கழுக்கோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கையில் சாக்கைக் கண்டதும், "எடுத்துட்டுப் போவல்லியா?" என்றான்.

"ஓட்டச் சாக்கு வேண்டாமாம்."

"நல்லதாப் போச்சு" என்று அவன் கட்டுவதற்காகக் கையை நீட்டினான். அதற்குள் நேரம் ஆகிவிட்டது. விஜிலாவின் கைகளுக்குள்ளேயே நிழல் விரிந்து, அவள் புடவையிலும் வாசற்படியிலும் தரையிலும் இலைகள் ஆடின. கிளை நுனியிலிருந்து ஒரு பழத்தின் நிழல் கழன்று விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. முன்பெல்லாம் விழுந்த பழத்தின் நிழல் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும், அங்கே யாரோ பொறுக்கிவிடுவார்கள். இப்போது கூர்ந்து பார்த்தால் மரத்தடி முழுக்கப் பழங்களின் நிழல் குவிந்து கிடந்தது.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். ஜஸ்டஸ் அவளைப் பார்த்தான். அண்டியாபீஸ் பக்கமிருந்து லாரியில் சாக்கு ஏற்றுகிறவர்களின் சத்தம் கேட்டது.

"கோணூசி எங்க?" என்றாள்.

அவன் எழுந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, கூரை இடுக்கிலிருந்து ஊசியை எடுத்துத் தந்தான். அவள் மீன் வலை நூலைக் கோத்து, வாசலில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள். ரேகை இல்லாத விரலில் ஊசி வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் விரலை மண்ணில் தேய்த்துக்கொண்டாள். ஜஸ்டஸ் எதிரே குந்தி, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தான். லாரி வளைவு திரும்பி அவர்கள் வீட்டுப் பக்கம் வந்தபோது அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ரோட்டின் குறுக்கே போய் நின்றாள்.

மீரான் இறங்கி வந்தார். தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார், "நிக்கும்" என்றார். விஜிலா சாக்கை உதறி, நாலாக மடித்து, சக்கரத்தில் கால் வைத்து ஏறி மற்றச் சாக்குகளின் மேல் வைத்தாள்.